ஏழாம் பாகம் எழுதாத டீச்சர்

விதி இதுதான்: கல்வித் திணைக்களம் வெளியிட்ட பாடநூல் தவிர்ந்த எந்த வாசிப்பு நூலும், உரிய வழியூடாக மேலதிகாரிகளுக்கு அனுப்பப்பட்டு, எழுத்துமூல அனுமதி கிடைத்த பின்னரே மாணவர் கைக்குச் செல்லலாம். சுற்றுநிருபத்தின் இலக்கம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எழுதினால் யாராவது தேடிப் பார்த்துவிடுவார்கள் என்பதால் விடுகிறேன். கல்விப் பணிமனை ஒன்றில் லிகிதராகச் சேர்ந்து பிரதம லிகிதராக ஓய்வுபெற்றவன் நான். பிள்ளைகளின் வயதை மனைவியிடம் கேட்டுத்தான் சொல்வேன். சுற்றுநிருபங்களை யாரிடமும் கேட்டதில்லை.

உரிய வழி என்றால் என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆசிரியர் அதிபரிடம் கொடுப்பார். அதிபர் எங்களிடம் அனுப்புவார். நாங்கள் மாவட்டத்துக்கு அனுப்புவோம், மாவட்டம் கொழும்புக்கு அனுப்பும். பதிலும் அதே படிகளால் இறங்கி வரும். ஒவ்வொரு படியிலும் சற்று இளைப்பாறும்.

அந்த டீச்சர் அனுமதி கேட்கவில்லை. சின்னச் சின்னதாகச் சிரிப்புப் புத்தகங்கள் எழுதினார், றோணியோ மெசினில் பிரதி அடித்தார், ஓரத்தில் நூல் போட்டுத் தைத்தார், பிள்ளைகளிடம் கொடுத்தார். பிள்ளைகள் வாசித்துச் சிரித்தார்கள். முறைகேட்டின் முழு விபரம் இவ்வளவுதான்.

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. எழுதினாலும் கல்முனையில் பலருக்கு ஆளைத் தெரியாது. 'மிச்சம் டீச்சர்' என்றால்தான் தெரியும். ஆள் குள்ளம். முக்காட்டை ஓர் ஊசியால் குத்தியிருப்பார். வெயிலுக்கும் மழைக்கும் நாய்க்கும் ஒரே குடை. சேலைத் தலைப்பின் நுனியில் ஒரு முடிச்சு, அந்த முடிச்சுக்குள் நாலைந்து கராம்பு. ஊர் முழுவதும் அந்த முடிச்சுக்குத்தான் பயந்தது.

விசயம் என்னவென்றால், அவருக்கு எந்தக் கதையையும் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரியும். கேட்கிறவன் அடுத்த சொல்லுக்காக வாயைத் திறந்திருக்கும் இடம் அது. அங்கே நிறுத்திவிட்டு, முடிச்சை அவிழ்த்து ஒரு கராம்பை வாயில் போடுவார். "மிச்சம் புறகு" என்பார். கராம்பு வாய்க்குள் போன பிறகு அரசாங்கக் கச்சேரியிலிருந்து அதிகாரியே வந்து கேட்டாலும் ஒரு சொல் வராது.

ஆசிரியர் அறையில் ஒரு நாள், சந்தையில் மீன்காரன் ஒருவன் சுங்கான் மீனின் வயிற்றை வெட்டியபோது உள்ளே எதையோ கண்டு கத்தியைப் போட்டுவிட்டு ஓடியதைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். எதைக் கண்டான் என்று சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. கராம்பு உள்ளே போனது. காரைதீவிலிருந்து பஸ்ஸில் வந்து போகும் சங்கீத டீச்சர் கெஞ்சினார்.

"டீச்சர், எனக்கு இரவைக்கு நித்திரை வராது. மீனுக்குள்ள என்ன கிடந்ததெண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் போங்க."

பள்ளி விட்ட பிறகும் கெஞ்சினார். பஸ் போனதுதான் மிச்சம்.

மிச்சம் டீச்சரின் கணவர் சந்தைக்குப் பக்கத்தில் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருந்தார். பக்கத்து ஊரிலிருந்து மாப்பிள்ளையாக வந்தவர். சாதுவான மனிதர். இடைவேளை நேரத்தில் அடிக்கடி பள்ளிக்கூட கேற்றடியில் நிற்பார். புதிதாக வந்த அதிபர் ஏதோ குடும்பப் பிரச்சினை என்று நினைத்து இரகசியமாக விசாரித்திருக்கிறார்.

"பிரச்சினை ஒண்டுமில்ல சேர். சுபஹுக்கு எழும்பி ஒரு கதை சொன்னா. பாதியில விட்டுட்டு ஸ்கூலுக்கு வந்துட்டா. கடையில எனக்கு ஒரு வேல ஓடுதில்ல."

டீச்சர் கேற்றடிக்கு வந்து தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாராம். கராம்பு உள்ளே இருந்தது. மனிதர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

இனிப் புத்தகங்களுக்கு வருகிறேன்.

எழுபத்தெட்டு நவம்பர்ச் சூறாவளி எங்கள் கரையில் கூரைகளையும் தென்னைகளையும் கொண்டுபோனதோடு, பள்ளிக்கூடப் புத்தகங்களையும் நனைத்துவிட்டுப் போனது. காய்ந்த பிறகு அவை பப்படம் மாதிரி நெளிந்தன. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நல்ல பிரிவுகளுக்கு எங்கிருந்தோ பிரதிகள் தேடிக் கொடுத்தார்கள். ஏழாம் வகுப்பின் கடைசிப் பிரிவுக்குப் புத்தகம் தேவையென்று யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் பிரிவுக்கும் தோன்றவில்லை. புத்தகம் ஒழிந்தது பெரிய நிம்மதியாகத்தான் இருந்தது அவர்களுக்கு. எழுத்துத் தெரியும். ஆனால் வாசி என்றால் தலைவலி வரும், வயிற்றுவலி வரும், தண்ணீர் விடாய்க்கும்.

என் மகள் அந்தப் பிரிவில் இருந்தாள். நான் அவளுக்கு நீதிக்கதைப் புத்தகங்கள் வாங்கிக் கொடுத்திருந்தேன். ஒவ்வொரு கதையின் முடிவிலும் கறுத்த எழுத்தில் ஒரு படிப்பினை இருக்கும். மகள் படிப்பினையை மட்டும் பாடமாக்கி என்னிடம் ஒப்புவித்துவிட்டுக் கதையை வாசிக்காமல் மூடிவிடுவாள். பணிமனைக் கண்ணால் பார்த்தால் அது கெட்டித்தனம். கடைசிப் பந்தியை மட்டும் பார்த்துக் கையொப்பமிடும் அதிகாரிகளிடம் நான் வேலை செய்திருக்கிறேன்.

இந்தப் பிரிவு டீச்சரின் பொறுப்பில் வந்தது. அடுத்த வாரமே அவர் எங்கள் பணிமனைக்கு வந்தார். என் மேசைக்குப் பின்னால் கூரை உயரத்துக்குக் கட்டிக் கிடந்த கடதாசியைக் குடையால் காட்டினார்.

"கிளாக்கர், அது ஆருட கடுதாசி?"

"ஆருடயுமில்ல டீச்சர். சூறாவளி நிவாரணப் படிவம். பிழையா அச்சடிச்சு வந்த. திருப்பி அனுப்பவும் ஏலாது, எறியவும் ஏலாது."

"பின்பக்கம் வெள்ளையா?"

"ஓம்."

"அப்ப எனக்குப் பின்பக்கத்த மட்டும் தாங்க. முன்பக்கம் உங்களிட்டயே இரிக்கட்டும்."

பாவனைக்குதவாத பொருட்களை அகற்றுவதற்கு ஒரு சபை கூட வேண்டும். அது விதி. பின்பக்கம் வெள்ளையாக இருக்கும் கடதாசி பாவனைக்கு உதவாததா என்பது பற்றி விதியில் ஒன்றுமில்லை. களஞ்சியப் புத்தகத்தில் 'பின்பக்கம் மட்டும் வழங்கப்பட்டது' என்று எழுதிக் கொடுத்தேன். கணக்காய்வாளர் எவரும் அதைக் கேள்வி கேட்கவில்லை. அந்த வரியை அவர்கள் வாசித்துவிட்டுத் தங்கள் கண்ணைத்தான் சந்தேகித்திருப்பார்கள்.

இப்படித்தான் முதலாம் பாகம் வந்தது. ஒரு பக்கம் இறந்த மாடுகள் எத்தனை, விழுந்த தென்னைகள் எத்தனை என்று கேட்கும். மறுபக்கம் ஒரு புதுமாப்பிள்ளை சேவலுக்குப் பயந்து நிற்பான்.

எங்கள் கரையில் கல்யாணம் முடிந்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பான். வீடு பெண்ணுடையது. கிணறும் கோழிகளும் அப்படியே. புத்தகத்தில் வரும் மாப்பிள்ளை மாமியார் வீட்டில் முதல் நாள் சுபஹுத் தொழுகைக்கு எழும்பி, கைகால் முகம் கழுவி வுழூச் செய்யக் கிணற்றடிக்குப் போகிறான். கிணற்றுக்கட்டில் ஒரு சிவப்புச் சேவல் நிற்கிறது. அது மாமி கந்தூரி விருந்துக்கு நேர்ந்துவிட்ட சேவல். அறுக்க முடியாது, விற்க முடியாது, கல்லெறியவும் முடியாது. வந்த முதல் நாளே மாமியிடம், உங்கள் சேவலுக்குப் பயமாயிருக்கிறது என்று எந்த மாப்பிள்ளை சொல்வான்? 'சேவல் ஒரு காலைக் கீழே இறக்கியது' என்பதோடு முதலாம் பாகம் முடியும்.

இரண்டாம் பாகத்தில் மாப்பிள்ளை ஒரு தந்திரம் செய்வான். வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கிணற்றடிக்கு நடப்பான். மாமி யன்னலால் பார்ப்பாள். மாப்பிள்ளையின் ஊரில் இதுதான் வழக்கம்போலும் என்று நினைப்பாள். வந்த பிள்ளையின் மனம் நோகக் கூடாதென்று மாமனாருக்கும் ஒரு வாளியைக் கொண்டுபோய்க் கொடுப்பாள். 'மாமனார் வாளியைப் பார்த்தார். மாமியைப் பார்த்தார். பிறகு பிஸ்மி சொல்லிக்கொண்டு' என்று அந்தப் பாகம் நிற்கும்.

படிப்பினை கிடையாது. கேள்வி–விடை கிடையாது. பிள்ளை வாசித்து முடித்ததும் டீச்சர் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: "எந்த இடத்துல சிரிப்பு வந்த?" பிள்ளை அந்த இடத்தைக் காட்ட வேண்டும். சிரிப்பு வராவிட்டால், "சரி, இது எழுதினவட பிழை" என்று திருப்பி வாங்கிக்கொண்டு அந்தப் பக்கத்தை மாற்றி எழுதுவார். பிள்ளைகளிடம் பிழை இருக்கலாம் என்ற எண்ணமே அவரிடம் இருக்கவில்லை. கல்வித் துறையில் இது அபாயகரமான கொள்கை.

ஒரு மாலை நான் வேலை விட்டு வந்தபோது உள்ளறையில் யாரோ சிரிப்பது கேட்டது. தனியாக, விட்டு விட்டு, மூச்சுப் பிடித்துச் சிரிக்கும் சிரிப்பு. எட்டிப் பார்த்தேன். மகள் சுவரில் சாய்ந்துகொண்டு புத்தகம் வாசித்தாள். நான் அசையாமல் நின்றேன். காதில் கேட்பதை நம்பாமல் மனைவியைக் கூப்பிட்டேன். அவளும் வந்து நின்றாள். மகள் எங்களைக் காணவில்லை. பக்கத்தைத் திருப்பினாள்.

அந்தச் சத்தத்துக்காகத்தான் இன்று இதை எழுதுகிறேன்.

பிள்ளைகள் வீட்டுக்கு வீடு சத்தமாக வாசித்தார்கள். பிரச்சினையும் அங்கேதான் தொடங்கியது. மாப்பிள்ளைக்கு டீச்சர் பெயர் வைக்கவில்லை. பெயரில்லாத மாப்பிள்ளை, மாமியார் வீடு, சிவப்புச் சேவல். ஊரில் கல்யாணம் முடித்த ஒவ்வொரு ஆணும் அதைத் தன் கதை என்றே நினைத்தான். நானும் நினைத்தேன். அக்கரைப்பற்றிலிருந்து நான் மாப்பிள்ளையாக வந்த வீட்டிலும் ஒரு சேவல் இருந்தது, அதுவும் சிவப்பு. ஊரில் பாதிச் சேவல்கள் சிவப்புத்தான் என்பது எனக்கு இரண்டு நாள் கழித்தே உறைத்தது. மற்றவர்களுக்கு அதுவும் உறைக்கவில்லை.

முதலில் வந்தவர் அரிசி ஆலை ஹாஜியார். சம்மாந்துறையிலிருந்து மாப்பிள்ளையாக வந்து, ஊரில் பெரிய மனிதராகி, பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கத்திலும் கதிரை பிடித்தவர்.

"கிளாக்கர், இந்த டீச்சர மாத்தணும்."

"எங்க ஹாஜியார்?"

"கடல் இல்லாத இடத்துக்கு."

"காரணம் எழுதணுமே."

"என்னப் பத்திப் புத்தகம் போட்டிரிக்கா."

"உங்கட பேர் இரிக்கா?"

"பேர் என்னத்துக்கு? சேவல் இரிக்கே!"

"வாசிச்சுப் பார்த்தீங்களா?"

"நான் ஏன் வாசிக்கணும்? பேரன் வாசிக்கிறான், வீடே சிரிக்குது. என்ட பொஞ்சாதி அடுப்படியில இருந்து சிரிக்கிறா. அது போதாதா?"

அந்தக் கிழமைக்குள் இன்னும் சிலர் எழுதித் தந்தார்கள். புடவைக் கடைக்காரர் ஒருவர், பள்ளிவாசல் மரைக்கார் ஒருவர், தையற்கார மாஸ்டர் ஒருவர். எல்லா மனுக்களிலும் ஒரே வசனம்: 'மேற்படி நூலில் குறிப்பிடப்படும் மாப்பிள்ளை நானே.' எங்கள் அதிகாரி ஒவ்வொன்றாக வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு மாப்பிள்ளைக்கு இவ்வளவு பேரா?"

சிரிக்கக்கூடிய விசயமாக இருந்தாலும், நடவடிக்கை சிரிக்கக்கூடியதாக இருக்கவில்லை. முறைப்பாடு வந்தால் நூல்கள் மீளப் பெறப்பட வேண்டும். அப்போதுதான் அச்சாகியிருந்த மூன்றாம் பாகம் உட்பட எல்லாப் பிரதிகளும் சேகரிக்கப்பட்டு அதிபரின் அலுமாரியில் வைத்துப் பூட்டப்பட்டன. முறைப்பாடு நிரூபிக்கப்பட்டால் டீச்சருக்கு இடமாற்றம். அலுமாரியில் இருப்பது பிறகு கறையானுக்கு. கடைசிப் பிரிவில் மீண்டும் தலைவலியும் தண்ணீர் விடாயும் தொடங்கிவிட்டதாக அதிபர் சொன்னார்.

என் வீட்டில் வேறு விதமாக இருந்தது.

"வாப்பா, மாமனார் வாளியப் போட்டுக்கிட்டு வெளிய வந்தாரா இல்லையா?"

"எனக்குத் தெரியாது மகள்."

"உங்கட ஒபிஸ்தானே புத்தகத்தப் புடிச்சு வச்சிரிக்கி?"

"அது நடவடிக்கை."

"நடவடிக்கைய எப்ப முடிப்பீங்க?"

எனக்குப் பின்னால் மனைவியும் அதே கேள்வியோடு நின்றாள்.

டீச்சரிடம் எழுத்துமூல விளக்கம் கோரினோம். விளக்கம் வந்தது. நிவாரணப் படிவத்தின் பின்பக்கத்தில், அழகான கையெழுத்தில். அதை நான்தான் அதிகாரிக்கு வாசித்துக் காட்டினேன். 'ஐயா, மேற்படி மாப்பிள்ளை முறைப்பாட்டாளர்களுள் எவருமல்லர். எனது கணவர் எங்கள் வீட்டுக்கு வந்த மறுநாள் அதிகாலை, கிணற்றடியில் நடந்ததை நான் யன்னலால் கண்டேன். சேவல் கிணற்றுக்கட்டிலிருந்து இறங்கியது. எனது கணவர் வாளியைக் கையில் எடுத்தார். அப்போது.' அடுத்து, இங்ஙனம் உண்மையுள்ள, கையொப்பம்.

அதிகாரி தாளை என்னிடமிருந்து வாங்கித் திருப்பிப் பார்த்தார். அங்கே விழுந்த தென்னைகளின் எண்ணிக்கை கேட்கப்பட்டிருந்தது.

"மிச்சம் எங்க?"

"இவ்வளவுதான் சேர்."

"கூப்பிடுங்க அவவ. எல்லாரையும் கூப்பிடுங்க. விசாரணை வைப்பம்."

முப்பது வருடச் சேவையில், ஓர் அதிகாரி தானாக விரும்பி விசாரணை வைத்ததை நான் கண்டது அந்த ஒரு முறைதான்.

விசாரணை பள்ளிக்கூடத்திலேயே நடந்தது. அதிபரின் அறையில், அந்த அலுமாரிக்கு முன்னால். டீச்சர் குடையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக இருந்தார். முறைப்பாட்டாளர்கள் வரிசையாக இருந்தார்கள். மற்றவர் எதைப் பற்றி முறைப்பட்டிருக்கிறார் என்பது அதுவரை ஒருவருக்கும் தெரியாது. தெரிந்ததும் முகங்கள் கறுத்தன.

"அந்த மாப்பிள்ளை நானென்டுதான் ஊருக்கே தெரியுமே" என்றார் ஹாஜியார்.

"நீங்களா? உங்கட மாமிட வீட்டில கோழியே இருந்தயில்ல. தாரா வச்சிருந்தாங்க" என்றார் மரைக்கார்.

"தாராவும் இருந்த, சேவலும் இருந்த!"

நான் குறுக்கிட்டேன். அவதூறு என்றால் அவதூறான பகுதியைப் பக்கமும் வரியுமாக எடுத்துக் காட்ட வேண்டும். எடுத்துக்காட்டாத முறைப்பாட்டைப் பதிய முடியாது. இதுவும் விதிதான். ஆகவே ஹாஜியார் வாசிக்க வேண்டும். அதிபர் அலுமாரியைத் திறந்து முதலிரண்டு பாகங்களையும் எடுத்துக் கொடுத்து, மீண்டும் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஹாஜியார் கண்ணாடியைப் போட்டார். நெல்லு நிறுவை எழுதிய துண்டுகளைத் தவிர அவர் தமிழில் எதையும் வாசித்துப் பல காலமாகியிருந்தது. எழுத்துக்கு எழுத்து விரலை வைத்து, ஆலையில் குரல் கொடுக்கும் அதே சத்தத்தில் வாசித்தார். முதலாம் பாகம் முடியும்வரை அவர் குரலில் கோபம் இருந்தது. இரண்டாம் பாகத்தில், மாமி இன்னொரு வாளியைத் தேடிப் போகும் இடத்தில் விரல் நின்றது. மீண்டும் அதே வரியை வாசித்தார். தோள் குலுங்கியது. "மாமனார் வாளியைப் பார்த்தார்" என்று வாசித்தார். "மாமியைப் பார்த்தார்" என்று தொடங்கி முடிக்க முடியாமல் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார். தையற்கார மாஸ்டர் முதலில் வெடித்தார். மரைக்காரின் தொப்பி விழுந்தது. அதிகாரி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய முதுகு சிரித்தது.

ஹாஜியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினார். நிவாரணப் படிவம். மறுபடி திருப்பினார்.

"பிஸ்மி சொல்லிக்கொண்டு?" என்றார். "சொல்லிக்கொண்டு என்ன? மிச்சம் எங்க?"

"மூணாம் பாகத்துல ஹாஜியார்" என்றேன்.

"எடுங்க அத."

"அது அலுமாரிக்குள்ள. நீங்கதான் பூட்டச் சொல்லி எழுதித் தந்த."

ஹாஜியார் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன். அதிபரைப் பார்த்தார். "சாவி எங்க, அதிபர்?"

டீச்சர் அப்போதுதான் முதன்முறையாக வாயைத் திறந்தார்.

"ஹாஜியார், எந்த இடத்துல சிரிப்பு வந்த?"

அந்தப் பெரிய மனிதர், பேரப்பிள்ளைகள் கண்டவர், புத்தகத்தை நீட்டி விரலால் இடத்தைக் காட்டினார். "இந்தா, இதுல புள்ள."

டீச்சர் தலையை ஆட்டிக்கொண்டார்.

கதவடியில் அவருடைய கணவர் நின்றிருந்தார். சாட்சியாக அழைக்கப்பட்டிருந்தார். அதிகாரி கேட்டார்: "அந்த மாப்பிள்ளை நீங்கதானா?"

"ஓம் சேர்."

"உங்களுக்கு இதுல கவலை இல்லையா?"

"என்ன கவலை சேர்? எனக்கும் மிச்சம் தெரியணும்."

"நீங்கதானே கிணத்தடியில நிண்ட? உங்களுக்குத் தெரியாதா?"

"நான் கண்ண மூடிட்டன் சேர். திறக்கக்குள்ள சேவல் அந்தப் பக்கம் நிண்டது, நான் இந்தப் பக்கம் நிண்டன். வாளி கிணத்துக்குள்ள. நடுவுல என்ன நடந்ததெண்டு இவவுக்கு மட்டும்தான் தெரியும். சொல்றாவில்ல."

எல்லோரும் டீச்சரைப் பார்த்தோம். அவர் சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்தார்.

முறைப்பாடுகள் வாபஸ் பெறப்பட்டன. அறிக்கையை நான் எழுதினேன். அனுமதி பெறாதது முறைகேடு என்பதால், நூல்கள் அனுமதிக்காக உரிய வழியூடாகக் கொழும்புக்கு அனுப்பப்படும். கடைசி வசனத்தை எழுதி அதிகாரியின் கையொப்பம் வாங்கியதில் எனக்கு இன்றும் ஒரு திருப்தி உண்டு: 'பதில் கிடைக்கும் வரை தற்போதுள்ள நிலை தொடரலாம்.' அந்த வசனம் எழுதப்பட்ட நிமிடத்தில் தற்போதுள்ள நிலை என்னவென்றால், அலுமாரி திறந்திருந்தது, ஹாஜியார் மூன்றாம் பாகத்தோடு கதிரையில் இருந்தார்.

பதில் வராதவரை யாரும் எதையும் தடுக்க முடியாது. வழமையாக நான் மாதத்துக்கொரு ஞாபகமூட்டல் அனுப்புகிறவன். இந்தக் கோப்புக்கு ஒன்றும் அனுப்பவில்லை. புதிய பாகம் வரும்போது மட்டும் ஒரு பிரதியை இணைப்பாக மேலே அனுப்பிவைப்பேன்.

நாலாம், ஐந்தாம், ஆறாம் பாகங்கள் வந்தன. கடைசிப் பிரிவுகள் மாறி மாறி வந்து போயின. எந்தப் பிள்ளையும் புத்தகத்தைக் கிழித்ததாக முறைப்பாடு இல்லை. தேய்ந்துபோனதாகத்தான் வரும். சம்மாந்துறையிலுள்ள அரிசி ஆலைக்கு ஒரு கட்டுப் போனது. ஹாஜியாரே கொண்டுபோனார், அங்கே மூட்டை தூக்குகிற பொடியன்கள் மதியத்தில் சும்மா படுத்துக் கிடக்கிறார்கள் என்று. காரைதீவுச் சங்கீத டீச்சர் ஐந்தாம் பாகத்தைத் தன் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோயிருந்தார். எண்பத்தைந்தில் கலவரத்தால் இரண்டு ஊருக்கும் நடுவில் பாதை மூடியிருந்த காலத்தில் அது அங்கேயே இருந்துவிட்டது. பாதை திறந்த பிறகு ஒரு நாள் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். மூலைகள் எல்லாம் மடங்கி, அட்டையில் மஞ்சள் கறை படிந்திருந்தது. டீச்சர் அதைப் புரட்டிப் பார்த்து, "எந்த இடத்துல சிரிப்பு வந்ததாம்?" என்று கேட்டார். சங்கீத டீச்சர் ஒவ்வொரு பிள்ளையின் பெயராகச் சொல்லி இடத்தைக் காட்டினாராம். இரண்டு பேரும் அன்று மற்றதைப் பற்றிக் கதைக்கவில்லை.

ஆறாம் பாகம் கிணற்றடியில், மாப்பிள்ளை கண்ணை மூடுவதோடு நின்றது. ஏழாம் பாகம் வரவில்லை. பிள்ளைகள் கேட்டார்கள், நான் கேட்டேன், ஹாஜியார் வீட்டுக்கு அரிசி மூட்டையோடு போய்க் கேட்டார். மூட்டை திரும்பி வந்தது. "மிச்சம் புறகு."

என் மகள் நீதிக்கதைகளுக்குத் திரும்பவேயில்லை. வேறு எல்லாவற்றையும் வாசித்தாள். பாண் சுற்றி வந்த பத்திரிகையை நீவி வாசித்தாள். நான் வீட்டுக்குக் கொண்டுவந்த கோப்புகளையும் வாசித்து, எந்த இடத்தில் சிரிப்பு வந்ததென்று எனக்குக் காட்டினாள். என் கடிதங்களில் அவ்வளவு இடங்கள் இருப்பது எனக்குத் தெரியாது.

அவளுக்குக் கல்யாணம் பேசியபோது, நல்லபடி முடிய வேண்டும் என்று மனைவி கந்தூரிக்கு ஒரு சேவல் நேர்ந்துவிட்டாள். என்ன நிறம் என்று நான் கேட்கவில்லை. கல்யாணம் முடிந்த மறுநாள் வீடு நிறையப் பெண்கள். அவர்களுக்கு நடுவில் டீச்சர் இருந்தார். அப்போது பியோன் சைக்கிளில் வந்தான். அலுவலகத் தபாலை உத்தியோகத்தரின் வீட்டுக்குக் கொண்டுவருவது விதிக்கு முரண். அவனைக் கண்டிக்க வாயெடுத்தவன், உறையின் மூலையில் இருந்த கோப்பு இலக்கத்தைக் கண்டு நிறுத்திவிட்டேன்.

கொழும்பிலிருந்து பதில். 'மேற்படி நூலின் ஒன்று முதல் ஆறு வரையான பாகங்கள் பரிசீலிக்கப்பட்டன. ஏழாம் பாகம் இணைக்கப்பட்டிருக்கவில்லை. அதனைப் பார்வையிடாது தீர்மானமொன்றுக்கு வர இயலாதுள்ளதால், தாமதமின்றி அனுப்பிவைக்கவும்.' இவ்வளவு வருடங்களுக்குப் பிறகு, தாமதமின்றி. ஓரத்தில் யாரோ பென்சிலால் 'அவசரம்' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்கள்.

கடிதத்தை மனைவி கையில் கொடுத்தனுப்பினேன். டீச்சர் யன்னலோரம் இருந்து அதை வாசித்தார். மடித்தார். அந்த நேரம் பார்த்துக் கிணற்றடியில் வாளி விழும் சத்தம் கேட்டது. மருமகன் "யா அல்லாஹ்" என்றார். பிறகு ஒரு சிறகடிப்பு. என் மகள் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். அன்று உள்ளறையில் கேட்ட அதே சிரிப்பு, மூச்சுப் பிடித்து, விட்டு விட்டு.

கிணற்றடி நான் நின்ற இடத்திலிருந்து தெரியாது. டீச்சருக்கும் மகளுக்கும் மட்டும்தான் தெரிந்தது.

"டீச்சர், என்ன நடந்த?" என்று வாசலில் நின்று கேட்டேன். "கொழும்புக்கு நான் என்ன பதில் போடுற?"

டீச்சர் என் மகளைப் பார்த்தார். மகள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் முடிச்சை அவிழ்த்து ஒரு கராம்பை எடுத்து வாயில் போட்டார். இன்னொன்றை என் மகளிடம் கொடுத்தார். அவளும் போட்டுக்கொண்டாள்.

வந்த கடிதத்தில் கிடைத்த திகதியைப் பதிய வேண்டும். அது விதி. பேனையை எடுத்துப் பதிந்தேன்: எண்பத்தாறாம் ஆண்டு, நோன்புப் பெருநாள் கழிந்து மூன்றாம் திங்கட்கிழமை.